லேன் வயரில் ஜடை பின்னியவர்

பாட்டுக் கேட்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு, பார்த்திருப்பீர்கள். ராகம் வேண்டாம், வரி வேண்டாம், பாடியது யார் என்பதும் வேண்டாம்; ஸ்பீக்கருக்குப் போகிற வயர் எது என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும். கம்பைநல்லூரில் விதைக்கடை வைத்திருக்கும் தீர்த்தகிரி இந்த ரகத்தில் முதல் தரம். அவர் மனைவி கலைமதியைக் கேட்டால் வேறு பெயர் சொல்வாள். அதை இங்கே எழுத முடியாது.

கடைக்கு இன்டர்நெட் இழுத்தது போக மிச்சமான லேன் வயர்ச் சுருள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சனியும் கூட வந்தது. ஸ்பீக்கருக்கு இதை மிஞ்சிய வயர் உலகத்திலேயே கிடையாது என்று செல்போனில் எவனோ சொன்னானாம். கடையைச் சாத்திவிட்டு வந்து, நீலத் தோலைக் கீறி, உள்ளே முறுக்கிக் கிடந்த பச்சை, ஆரஞ்சு, பழுப்புக் கம்பிகளை உருவி, ஜன்னலில் கட்டி, மத்தியானச் சோற்றையும் ஆறவிட்டு, மூன்று புரியாக, ஸ்பீக்கருக்கு ஒன்று வீதம் இரண்டு ஜடை பின்னினார். பெற்ற மகளுக்கு ஒரு நாளாவது தலை பின்னிவிட்ட கையா அது?

மாட்டியாயிற்று. ஒரு வித்தியாசமும் இல்லை. "வயர் பழகணும் கலை. புதுச் செருப்பு கடிக்கறதில்லையா?" என்றார். பழகிய பிறகு, புல்லாங்குழல் வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்றார். கலைமதிக்குக் கேட்டது குக்கர் விசில்தான்.

அதோடு விட்டாரா? கலைமதியின் அண்ணன் பச்சியப்பன் அரூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். "கம்ப்யூட்டர் வயர்ல பாட்டா? கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா மாப்ள?" என்று சிரித்துத் தொலைத்தார். தீர்த்தகிரிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து கேளுங்க மச்சான். வித்தியாசம் தெரியலைன்னா என் மீசையை எடுத்துர்றேன்!"

கல்யாண போட்டோவிலேயே முதலில் கண்ணில் படுவது அந்த மீசைதான்.

இதற்கிடையில் அவர் கடையில் இருந்த நேரம், ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. பாட்டு இல்லாமல் கலைமதிக்குச் சமையல் ஓடாது. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு ஜடையையும் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய சிவப்பு கறுப்பு வயரையே மாட்டினாள். அன்றைக்கென்று மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி அறுந்து கிடந்தது. ஜடை நல்ல கனம். இரண்டை முடிச்சுப் போட்டால் நீளமும் சரி. வீணாக்குவாளா? அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். வீட்டு வேலையில் மறந்து, நினைவு வந்தபோது அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு ஓடியது. தீர்த்தகிரி கண்ணை மூடினார். கண்ணோரம் ஈரம் வேறு.

"கேட்டீங்களா மச்சான், அந்த மூச்ச? ஒண்ணு சொல்றேன், சாதாரணக் காதுக்கு இது புடிபடாதுங்க."

போதுமே! மைக்செட்காரர் காது சாதாரணக் காது என்று தெரிந்தால் அரூரில் யார் மதிப்பார்கள்? பச்சியப்பன் தலையைச் சாய்த்தார். தாடையைத் தடவினார்.

"ஆமாங்க மாப்ள, தெரியுது. நல்லாவே தெரியுது. நம்ம செட்டுக்கும் ரெண்டு பின்னிக் குடுங்க."

கலைமதிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் புருஷன் மீசை போகும், அண்ணன் பேரும் சந்தி சிரிக்கும். பாவம், இரண்டு பேருமே அவளுக்கு வேண்டியவர்கள். "மழ வர்ற மாதிரி இருக்குது, துணிய எடுத்துட்டு வந்துர்றேன்" என்று மாடிக்கு ஓடினாள். அங்கே, பந்தயத்தில் ஜெயித்த ஜடையில் தீர்த்தகிரியின் வேட்டி ஆடிக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்களே, பித்தளை டவராவில் குடித்தால்தான் காபி என்கிறவர் நீங்கள்தானே? செக்கு எண்ணெய் வாசம் தெருமுனையிலேயே தெரிந்துவிடும் என்கிறவரும்? இருக்கட்டும், இருக்கட்டும். அடுத்த முறை நீங்கள் மெச்சும்போது, வீட்டில் யாராவது அவசரமாக மாடிக்குப் போகிறார்களா என்று மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.