ஆன்மா பார்த்த குடை

ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் அந்த மண்டபத்தின் முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பேசாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் அங்கேதான். மேடையில் மௌனமொழியார். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மணிக்கட்டை அவர் பிடித்தால் போதும், பிள்ளையின் விரல் எழுத்துகள் அச்சடித்த பலகைமேல் பாய்ந்து, ஒவ்வொன்றாய்த் தொட்டுச் சொல் கூட்டும். அ, ஆவைத் தாண்டாத பிள்ளை தத்துவம் எழுதும். விரல்தான் பிள்ளையுடையதாம், பேசுவது அதன் ஆன்மாவாம்.

பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! ஐந்து வயது ஆன்மாவுக்கும் முப்பது வயது ஆன்மாவுக்கும் ஒரே நடை. இன்னொரு விசேஷம், எந்த ஆன்மா வாயைத் திறந்தாலும் மண்டபத்துக்கு மாடி கட்டச் சொல்லாமல் மூடாது. ஆன்மாக்களுக்குக் கட்டட வேலையில் அவ்வளவு நாட்டம்!

முன்வரிசையில் ஓர் அம்மா. மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டிசம் பிறவியிலேயே வந்தது. வளர்ந்தபின் மனநோயும் வந்து சேர்ந்தது. யாருமில்லாத மூலையைப் பார்த்து அலறுவான். டாக்டர் மாத்திரை கொடுத்த பிறகுதான் தூங்கினான், சாப்பிட்டான், அபூர்வமாகச் சிரித்தான்.

மௌனமொழியார் கையைப் பிடித்த முதல் நாளே பலகை எழுதியது: “அம்மா, உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.” அவன் பிறந்ததிலிருந்து அந்த ஒரு சொல்லுக்குக் காத்துக் கிடந்தவள் அவள். எந்தத் தாய் தாங்குவாள்? மண்டபமே அழுதது. அங்கே இருந்திருந்தால் நானும் அழுதிருப்பேன், அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அடுத்த வாரம் பலகை எழுதியது: “நான் நோயாளி அல்ல, ஞானி. மாத்திரை என் ஒளியை மறைக்கிறது.” மாத்திரை அன்றே குப்பைக்குப் போனது. ஒளியும் வெளிவந்தது. தூக்கம் போயிற்று. கையைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான். மூலையைப் பார்த்து மறுபடியும் அலறினான். “ஒளி வேகமா ஏறுதும்மா” என்றார் மௌனமொழியார். பிள்ளை அமைதியாக இருந்தால் ஒளி, அலறினாலும் ஒளி. அவர் உருட்டினால் எப்போதும் தாயம்தான்.

அம்மாவுக்கு ஒரு தங்கை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அக்கா பையன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு ஞாயிறு கூடவே வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, அவன் விரல் பலகையில ஓடுது, சரி. கண்ணு எங்க இருக்குன்னு பாத்தியா? ஃபேன்ல இருக்கு. பலகையப் பாக்கிறது அந்த ஆள் மட்டும்தான்.”

“ஆன்மாவுக்குக் கண்ணு எதுக்குடி?”

“அப்ப நாங்க கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

அக்காவுக்கு வந்ததே கோபம்! நேரே மேடையேறி மைக்கைப் பிடித்தாள். “ஐயா, என் தங்கச்சி உங்களச் சந்தேகப்படறா. இவ வாய நீங்கதான் அடைக்கணும். என்ன சோதனை வேணாலும் வைக்கட்டும்!”

மௌனமொழியார் அன்றுதான் உண்மையிலேயே மௌனமானார். சந்தேகப்படுகிறவனை விரட்ட அவரிடம் ஆயிரம் பதில் இருந்தது. நம்புகிறவளை என்ன செய்வது?

“ஆன்மாவைச் சோதிக்கிறது பாவம்மா.”

“அந்தப் பாவம் எனக்கு வரட்டும் ஐயா. நீங்க பண்ணுங்க!”

கூட்டம் கைதட்டித் தீர்த்தது. அவருக்குத் தப்ப வழியில்லை.

சோதனை சின்னதுதான். பையனுக்குப் பக்கத்து அறையில் ஒரு பொருளைக் காட்டுவார்கள். அது என்னவென்று பலகை சொல்ல வேண்டும். மௌனமொழியார் வெளியே நின்றார். உள்ளே அக்கா பார்த்திருக்க, தங்கை பையனிடம் ஒரு கார்ச் சாவியைக் காட்டினாள். அக்காவின் கைப்பையிலிருந்தே எடுத்தது. பிறகு வெளியே போய், துணிப்பையைத் திறந்து மௌனமொழியாருக்கு மட்டும் ஒரு குடையைக் காட்டினாள்.

“நீங்களும் பாத்துக்கங்க ஐயா. நாளைக்கு நான் பொருளை மாத்திட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாது.”

விடையைத் தானே கொண்டுவந்து கொடுக்கும் முட்டாளை அவர் கனிவோடு பார்த்தார்.

மேடை. மணிக்கட்டு. விரல் தயங்கவேயில்லை. பலகை சொன்னது: குடை!

தங்கை துணிப்பையிலிருந்த குடையை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினாள். மண்டபம் அதிர்ந்தது. ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. அக்கா.

“ஐயா, அவன் குடையப் பாக்கவே இல்லையே. சாவியத்தானே பாத்தான்?”

“மழை வரப்போகுதும்மா. ஆன்மா முன்கூட்டியே…”

“குடையப் பாத்தது நீங்க மட்டும்தான்” என்றாள் தங்கை.

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. அக்கா மேடைக்கு அருகில் போனாள்.

“அப்ப மாத்திரை வேணாம்னு சொன்னது யாரு?”

மௌனமொழியாரின் கண்ணும் இப்போது ஃபேனுக்குப் போனது.

“என்னப் பிடிக்கும்னு சொன்னது?”

வியர்த்துப்போன மௌனமொழியார் பிடியைத் தளர்த்தியிருந்தார். பையன் கையை உருவிக்கொண்டான். சித்தி கையிலிருந்த சாவியைப் பறித்தான். அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான். பிறகு வாசல் பக்கம் இழுத்தான்.

“வீட்டுக்குப் போகணுங்கறான்” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அங்கேயே உடைந்து அழுதாள். “ஒவ்வொரு வாரமும் இப்படித்தான்டி இழுத்தான். நான்தான் இழுத்துப் பிடிச்சு உக்கார வச்சேன்.”

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனார்கள். மாத்திரை மறுபடி தொடங்கியது. மெதுவாகத் தூக்கம் திரும்பியது, கைப்புண் ஆறியது. “பிடிக்கும்” என்று அவன் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லாமலே போகலாம். அந்த வலி அவளுக்கு இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். அதற்காக இன்னொருவனின் வாயால் அதைக் கேட்க அவள் இனி தயாராக இல்லை.

மௌனமொழியாரா? கடை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நம் மூளைக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கும்வரை அவருக்கு எந்த ஊரிலும் வாடகைக்கு மண்டபம் கிடைக்கும். போகிறவர்கள் போங்கள். ஆனால் உங்கள் பிள்ளை பேசுகிறது என்று அழுவதற்கு முன்னால், பிடித்திருக்கும் அந்தக் கையைக் கொஞ்சம் விடச் சொல்லிப் பாருங்கள்.