முப்பத்திரண்டு புறாக்களும் ஒரு சட்டி சீஸும்

கெய்ரோவில் உட்கார்ந்துகொண்டு, ஆல்ப்ஸ் மலையை வைத்துப் பெண்டாட்டியை ஜெயித்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் ஹிஷ்மத் வாத்தியார்தான். இருபத்தாறு வருஷம் கரும்பலகையில் ஆல்ப்ஸை வரைந்து காட்டிய பூகோள வாத்தியார். மலையைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த மலைக்காரர்களின் வழக்கம் ஒன்றைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

உருக்கிய சீஸ் சட்டியை நடுவில் வைத்து, ரொட்டித் துண்டை நீளமான முள்கரண்டியில் குத்தி முக்கிச் சாப்பிடுவார்களாம். யாருடைய ரொட்டி சட்டிக்குள் விழுகிறதோ, அவர் மற்றவர் சொல்வதைச் செய்தாக வேண்டுமாம்.

“இது போதுமே!” என்று துள்ளினார் வாத்தியார்.

மொட்டைமாடியில் அவருக்கு முப்பத்திரண்டு புறாக்கள். கூண்டுக்குக் கீழேதான் மனைவி அவாதிஃபின் துணிக்கொடி. வெள்ளைத் துணியைக் கண்டால் போதும், புறாக்களுக்கு வயிறு கலக்கிவிடும். “மாசக் கடைசிக்குள்ள இதுங்க போகணும். இல்லேன்னா நான் தந்தா ஊருல இருக்கிற எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று அவள் சொல்லிவிட்டாள். அவருக்குப் புறாவும் வேண்டும், அவாதிஃபும் வேண்டும். எது போனாலும் மனுஷன் ஒடிந்துபோவார்.

பத்து நாள் மாடியில் ரகசியப் பயிற்சி. கிண்ணத்தில் எள் விழுது, கையில் சமையலறை முள்கரண்டி. குத்து, முக்கு, சுழற்று, தூக்கு! தடயம் மிஞ்சக்கூடாதென்று பழகிய ரொட்டியையெல்லாம் புறாக்களுக்கே போட்டார்.

கல்யாண நாள் வந்தது. நகரின் ஸமாலெக் பகுதியில் மரவீடு மாதிரி கட்டிய ஆல்ப்ஸ் உணவகம். வாசலில் மாட்டுமணி, சுவரில் மலையாட்டுக் கொம்பு. வெளியே ஆகஸ்ட் வெயில், உள்ளே பல் கிட்டும் ஏசி. பரிமாறுகிறவரை முதல்நாளே வாத்தியார் சரிக்கட்டியிருந்தார்: தனக்கு ஓரம் மொறுமொறுத்த கெட்டி ரொட்டி, அவளுக்குக் குத்தினாலே பிய்ந்துபோகும் மெத்து ரொட்டி.

சட்டி வந்தது. வாத்தியார் பந்தயத்தைச் சொன்னார்.

“அப்ப நான் ஜெயிச்சா எதை வேணா கேக்கலாமா, அபு நபீல்?” மகன் நபீலின் அப்பா என்ற பொருளில் அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“எதை வேணா! ஆனா நான் ஜெயிச்சா, புறாவும் இருக்கும், நீயும் இருப்பே. அதைப் பத்தி வாயே திறக்கக்கூடாது.”

“சரி.”

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். குஷியில் கண் மறைத்துவிட்டது.

ரொட்டிக் கூடைகள் வந்தன.

“ஐயையோ! தம்பி, நில்லுங்க!” அவாதிஃப் போட்ட சத்தத்தில் உணவகமே திரும்பியது. “இவருக்கு ரெண்டு கடைவாய்ப்பல் ஆடுது. இவருக்குப் போய் இந்தக் கல்லைக் குடுக்கிறீங்களே!”

“ஆடல, அவாதிஃப்! சத்தியமா ஆடல!”

“சும்மா இருங்க. கல்யாண நாளும் அதுவுமா பல்லு விழணுமா?”

கூடைகள் இடம் மாறின. பரிமாறுகிறவர் கூரையைப் பார்த்தார்.

அவாதிஃப் குத்தினாள். முக்கினாள். சுழற்றினாள். தூக்கினாள். வாத்தியார் வாய் பிளந்தார். அதே நாலு படி! அவரும் குத்தினார், முக்கினார். தூக்கும்போது கரண்டி மட்டும்தான் வந்தது.

“விழுந்துருச்சு” என்றாள் அவள், மெதுவாக.

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. “எப்ப அனுப்பணும்?”

“யாரை?”

“புறாக்களை.”

“அதுங்க ஏன் போகணும்? எனக்கு ஒத்தாசை பண்ணினதுங்க. பத்து நாளா கூண்டுக்கடியில ரொட்டித் துண்டு. ஒவ்வொண்ணுலயும் நாலு ஓட்டை. புறா எப்ப முள்கரண்டியில சாப்பிட ஆரம்பிச்சுதுன்னு படிக்கட்டுல ஒளிஞ்சு பார்த்தேன். பார்த்து நானும் பழகிக்கிட்டேன்.”

“அப்ப... புறா இருக்கலாமா?”

“தாராளமா!”

வாத்தியார் எழுந்து, அத்தனை பேர் முன்னால் அவள் கையில் முத்தமிட்டார். உலகத்திலேயே பாக்கியசாலி தான்தான் என்று தோன்றியது.

“உக்காருங்க. நான் இன்னும் எதுவும் கேக்கவே இல்லையே” என்றாள் அவாதிஃப், சட்டியின் அடியில் காந்தியிருந்த சீஸைச் சுரண்டிக்கொண்டே. “இனிமே துணி துவைச்சுக் காயப்போடுறது நீங்க.”

மறுநாள் மாடியில், ஒரே வெள்ளை விரிப்பை மூன்றாம் தடவையாக அலசிக்கொண்டிருந்த வாத்தியார் கூண்டை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்:

“மாசக் கடைசிக்குள்ள நீங்க போகணும்!”