ஆல்டிஹைடு மட்டும் போதும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பொங்கல் பொங்கினால்கூட மேற்கோள் கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ‘ஆதாரம்’ அண்ணன்தான். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு சீனியர். பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை.

ஒருமுறை ஆய்வக நண்பர்கள் எல்லோரும் கரியாலூர் பக்கம் அருவிக்குப் போனோம். அங்கே சோளம் விற்ற அம்மாவிடம், “பாறை வழுக்குங்களா?” என்றார் அண்ணன்.

“வழுக்காதுப்பா.”

“யாரு சொன்னது?”

“நாந்தான் சொல்றேன்!”

“நீங்க எறங்கிப் பாத்தீங்களா?”

அந்த அம்மா அவர் முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி, “வழுக்கல” என்று எங்களுக்கு அறிவித்தார் அண்ணன்.

இவரிடம்தான் நான் அழுதுகொண்டு போய் நின்றேன். என் மூலக்கூறின் ஓரத்தில் ஒரு ஆல்டிஹைடு, நடுவில் ஒரு கீட்டோன். ஆல்டிஹைடை மட்டும் ஆல்கஹாலாக மாற்ற வேண்டும். நான் போட்ட மருந்து இரண்டையும் விழுங்கிவிட்டது. மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்த பொருளில் மிச்சம் ஒரு சிட்டிகை.

“பேப்பர் பாத்துப் போட்டியா, சும்மா போட்டியா?”

“சும்மாதாண்ணே.”

தலையில் கைவைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். ஒரு ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. ‘முன்பே வெளியான முறைப்படி செய்தோம்’ என்று ஒரே வரி. அந்த முந்தைய கட்டுரையை எடுத்தால், அதிலும் அதே வரி.

“இன்னாம்மா இது! கல்யாண வூட்ல சாம்பார் கேட்டா ஆளாளுக்கு அடுத்த பந்தியக் காட்டிக்கினு!”

கடைசியில் ஒரு பழைய ஜெர்மன் கட்டுரை. கைபேசி மொழிபெயர்ப்பில் ‘கரைசலைத் துன்புறுத்தாமல் சூடாக்குக’ என்று வந்தது. அமிலம் சேர்த்து வீரியம் தணித்த மருந்து; அளவு, நேரம் எல்லாம் இருந்தன. நான் குதித்தேன். அண்ணன் குதிக்கவில்லை.

“இவங்க ஆல்டிஹைட தனியா, கீட்டோன தனியா வச்சிப் பாத்துகிறாங்க. உன்துல ரெண்டும் ஒரே மூலக்கூறுல கீது. போடாத.”

சோர்ந்துபோய் வீட்டுக்குக் கச்சிராயபாளையம் பஸ் ஏறினேன்.

அந்த வாரக் கடைசியில், பொருளில் எது இருக்கிறது, எது போய்விட்டது என்று காட்டும் ஒரு ஐ.ஆர். வரைபடத்தை அண்ணன் என் முன் நீட்டினார். “பாரு, ஆல்டிஹைடு கோடு காணோம். கீட்டோன் கோடு அப்டியே கீது. இப்ப போடு.”

“எதுலண்ணே போட்டுப் பாத்தீங்க?”

அவர் மேசையைப் பார்த்தேன். தன் ஆய்வுக்கென்று அவர் செய்து வைத்திருந்த பொருளிலும் அந்த இரண்டும் உண்டு. அதன் குப்பி காலியாக இருந்தது.

“அண்ணே! உங்க தீசிஸ் இன்னா ஆவுறது?”

“திரும்பப் பண்ணிக்கிறேன். அதப் பண்றதுக்கு பேப்பர் கீதும்மா. உன்துக்குத்தான் இல்ல.”

அதே முறையில் போட்டேன்; என் சிட்டிகை பிழைத்தது. கீட்டோன் அசையவில்லை. அண்ணன் தன் பொருளை முதலிலிருந்து செய்து முடிக்கும்வரை அவருடைய குடுவைகளையெல்லாம் நான்தான் கழுவிக் கொடுத்தேன். சுத்தமாகக் கழுவினேனா என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.