வியூஸுக்குப் பாடு கேட்டவர்

பழவேற்காடு ஏரியில் எத்தனை இறால் உண்டோ, அத்தனை வணக்கம் சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். நான் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. எண்ண உட்கார்ந்தவர்கள் எல்லாம் பாதியில் தூங்கிப்போனார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைத் தேடினால் கிடைக்கலாம். எங்களுக்கு அவர் வணக்கண்ணன். அப்போது நான் பழவேற்காடு கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஏரிக்கரையில் அந்தத் தொழிலுக்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. தண்ணீரில் விழுந்த போனைப் பிரித்து, உப்பைத் துடைத்து, காயவைத்து, "இன்ஷா அல்லா வந்துரும்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். வணக்கண்ணன் என் நிரந்தர வாடிக்கையாளர். அவரைவிட அவருடைய போன்தான் ஏரியில் அதிகம் குளித்தது.

ஏரியில் வலை போடுகிறவர். எந்தக் குப்பம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்றக் குப்பத்துக்காரர்கள், "அவரு எங்க ஆளு பாய், மாத்தி எழுதிட்டியே" என்று மீஞ்சூர் வரைக்கும் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

மீன் பிடிப்பதை வீடியோ எடுத்துப் போட அவர் ஒரு சேனல் வைத்திருந்தார். வீடியோ இப்படி ஆரம்பிக்கும்:

"உலகத் தமிழர்களே, வணக்கம்! தமிழ் தெரியாத உலகத்துக்கும் வணக்கம்! நம்ம ஏரிக்கு வணக்கம்! லைட் ஹவுசுக்கு வணக்கம்! அதுல லைட்டு போட்ற அண்ணனுக்கு வணக்கம்! பூநாரைங்களுக்கு வணக்கம்! இந்த வருசம் வராத பூநாரைங்களுக்கும் வணக்கம்! ஐஸ் ஒடைக்கிற தம்பிங்களுக்கு வணக்கம்! கடைத்தெரு செல்லு கடை பாய்க்கு வணக்கம்!"

மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு சுற்று வரும். அதில் படகுக்கும் அதைச் செய்த ஆசாரிக்கும் உண்டு.

ஒரு தடவை அவர் வலையில் ஒரு கொடுவா விழுந்தது. சின்னப் பிள்ளை உயரம் இருக்கும். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வணக்கத்தை ஆரம்பித்தார். அது பொறுமைசாலி மீன். லைட் ஹவுஸ் வரை பொறுத்துக்கொண்டது. பூநாரை வந்ததும் ஒரே துள்ளு துள்ளி ஏரிக்குள் போய்விட்டது. வணக்கண்ணன் வெறும் கையைத் தூக்கிப் பிடித்தபடி ஐஸ் தம்பிகள்வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். அந்த வீடியோவுக்குத் தலைப்பு, 'ராட்சசக் கொடுவா எங்கள் கையில்!'

பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு அவரே. மீதியில் ஒன்று அவர் மனைவி ராணி அக்கா, அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு. "அந்த வாயத்தான் ஊட்ல ஓசில கேக்கறனே பாய், போன்ல வேற கேக்கணுமா?" என்பார்.

ராணி அக்காவின் தம்பியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. வணக்கண்ணனும் அவரும் ஒரே படகு, ஒரே வலை. அவர் பெயர் கம்மு. எப்போதும் கம்மென்று இருப்பதால் வந்த பெயர். பசித்தால் தட்டை நிமிர்த்தி வைப்பார், பசிக்காவிட்டால் கவிழ்த்து வைப்பார், அதுதான் பேச்சு. பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு புடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு "உம்" என்றாராம். அளவுக்கு மீறிப் பேசிவிட்ட அசதியில் மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்ததாகக் கேள்வி.

அந்தக் கம்மு ஒருநாள் என் கடைக்கு வந்து, புதுப் போனை மேசையில் வைத்தார். சுவரில் வணக்கண்ணன் ஒட்டி வைத்திருந்த சேனல் விளம்பரத்தைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைக் காட்டினார். அவருக்கும் ஒரு சேனல் திறந்து கொடுத்தேன்.

கம்முவின் வீடியோவில் ஒன்றுமே கிடையாது. போனைப் படகின் முன்பக்கம் செருகிவிடுவார். கழியை ஊன்றிப் படகைத் தள்ளுவார். வலையிலிருந்து நண்டை எடுப்பார். படகிலேயே அடுப்பு மூட்டி மடவை மீன் குழம்பு வைப்பார். சாப்பிடுவார். தட்டைக் கழுவுவார். முடிந்தது. தண்ணீர்ச் சத்தத்தையும் மீன் முள் கடிக்கிற சத்தத்தையும் தவிர வேறு சத்தம் இருக்காது.

உலகம் அதைப் பார்த்துப் பைத்தியமாகிவிட்டது. பத்து நாளில் லட்சத்தைத் தாண்டியது. எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத எழுத்தில் ஆளாளுக்கு எழுதினார்கள். தூக்கமே வராமல் கிடந்த ஒருவர் இதைப் போட்டுவிட்டுப் படுத்தால் குழந்தை போலத் தூங்குவதாக எழுதியிருந்தார். அதை வணக்கண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

"தூக்கம் வர்றதுக்கா வீடியோ? எங்க மாமியாரு கொறட்ட உட்றத எடுத்துப் போட்டா கோடி போவுமே பாய்! அந்தக் குடும்பத்துக்கே அது ஒரு வரம்!"

பொறாமை மற்றவர்களுக்கு வயிற்றில் எரியும். இவருக்கு விரலில் எரிந்தது. அவருடைய போன் என் கடையில் காய்ந்துகொண்டிருந்ததால் என் போனைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

"அவன்து எவ்ளோ ஏறிச்சு பாய்?"

சொல்வேன். டீ வரும். டீயைக் குடித்து வைப்பார்.

"இப்ப?"

டீக்கு முன்னால் இருந்ததைவிட ஏறியிருக்கும். கிளாஸைக் கொஞ்சம் பலமாக வைப்பார். தன்னுடைய வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிற்று. பதினொன்று எப்போது பார்த்தாலும் பதினொன்றுதானே.

பிறகு தானும் பேசாமல் ஒரு வீடியோ எடுப்பது என்று கிளம்பினார். வாயை இறுக மூடிக்கொண்டு ஏரி நடுவில் போய் உட்கார்ந்தார். உள்ளே வணக்கம் முட்டிக்கொண்டு நிற்க, முகம் சிவந்து, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த படகுக்காரர்கள் பதறிப்போனார்கள்.

"இன்னாண்ணே, மாரு வலிக்குதா? பேச்சு வரலியா?"

இவர் கையை ஆட்டினார். கை கால் இழுக்கிறது என்று நினைத்து மூன்று படகுகள் சேர்ந்து அவரைக் கரைக்கு இழுத்து வந்து, ஆட்டோவில் திணிக்கும்போதுதான் அடைப்பு விட்டது. ஆட்டோ டிரைவருக்கு, ஆட்டோவுக்கு, தூக்கி வந்த ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார்.

அடுத்ததாக, கம்மு வீடியோ எடுக்கும்போது படகின் பின்னால் உட்கார்ந்து இரும ஆரம்பித்தார். அந்த அமைதியைக் கெடுப்பதுதான் திட்டம். பார்த்தவர்கள், 'பின்னால் இருமுகிறவரை யாராவது டாக்டரிடம் காட்டுங்கள்' என்று உருகி உருகி எழுதினார்கள். மறுநாள் கம்மு பொன்னேரி போய் ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், மூடியைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

அதுதான் வணக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை. எதிரி என்றால் பதிலுக்குத் திட்ட வேண்டாமா? "இனிமே அவன் ஏர்ற படகுல நான் ஏற மாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழுகிற இடங்கள் ஏரியில் சிலதான். அங்கே நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. இன்றைக்கு இவர்கள் பாடு, நாளைக்கு அவர்கள் பாடு என்று குப்பத்தில் முறை வைத்திருப்பார்கள். இடம் யாருக்கும் சொந்தமில்லை, முறைதான் சொந்தம். முறை வருகிற நாளில் போகாவிட்டால் போனது போனதுதான். அந்த வலையை ஒற்றை ஆளாகக் கட்டவும் முடியாது.

ராணி அக்கா அழாத குறையாகக் கடைக்கு வந்தார். வணக்கண்ணன் உள்ளே உட்கார்ந்து கம்முவின் எண்ணிக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், நீயே கேளு. ஒருத்தன் பேசியே கெட்டான், ஒருத்தன் பேசாம கெட்டான். நாளன்னிக்கு நம்ம பாடு. இந்தாளு படகு ஏற மாட்டேன்றாரு. எங்கூட்டு அடுப்பும் எந்தம்பி ஊட்டு அடுப்பும் ஒண்ணா அணையப் போவுது. அந்தப் பொட்டிக்குள்ள கீறவனுங்களா வந்து சோறு போடப் போறானுங்க?"

வணக்கண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. மனம் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

"பாடு!" என்று துள்ளி எழுந்தார். "ஏரிக்குப் பாடு கீதுல்ல? அப்ப வியூஸுக்கு ஏன் இல்ல?"

அன்று சாயங்காலமே அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"மீனு ஒரே எடத்துல வுழுந்தா பாடு வெக்கிறோம். வியூஸும் ஒரே எடத்துலதான வுழுது? தெனிக்கும் அவனுக்கே வுழுந்தா இன்னா ஞாயம்? எனக்கும் ஒரு மொற வேணும்!"

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். குப்பத்தில் பாடு விஷயத்தில் யாரும் சிரிப்பதில்லை. தலைவர் தாடையைத் தடவினார்.

"இந்த வியூஸு எப்ப வுழும்? தண்ணி ஏறும்போதா, வத்தும்போதா?"

"எப்பவும் வுழும் நைனா. அவனுக்கு."

"அமாவாசைக்கு?"

"அமாவாசைக்கு ஜாஸ்தி."

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. அமாவாசைக்கும் விழுகிறதென்றால் அது சாதாரண இடமில்லை. நீண்ட யோசனைக்குப் பிறகு தலைவர் தீர்ப்புச் சொன்னார். "ஒரு நாளு மச்சான், ஒரு நாளு மாமன். மீறுனா கோயிலுக்குத் தண்டம். நாளன்னிக்கு ஏரிப் பாட்டுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போவணும். அன்னிக்கு வியூஸும் மாமன் பாடு." எதிர்த்தரப்பு வாதம் உண்டா என்று கேட்டார்கள். கம்மு தலையாட்டினார். அது உண்டு என்றா இல்லை என்றா என்பதைத் தீர்மானிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாமன் பாட்டு நாளில் கம்மு வீடியோ போடமாட்டார், வணக்கண்ணன் தன் சேனலில் போடுவார் என்றுதான் நானும் புரிந்துகொண்டேன். கம்மு அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. கரையில் நடந்ததை வணக்கண்ணனே பிறகு சொன்னார். ஏரிப் பாட்டு நாளன்று படகை நீரில் தள்ளியதும் கம்மு தன் போனை எடுத்து, தன் சேனலைத் திறந்து, அவர் கையில் வைத்தாராம்.

"ஒம் பாடு, மாமா."

மூன்று சொல்லை அவர் ஒரே நாளில் செலவழித்ததே பெரிய விஷயம். ஏரி வழக்கப்படி அவர் செய்தது சரிதான். மீன் விழுகிற இடம் எதுவோ, அங்கேதான் முறைக்காரனை இறக்க வேண்டும். மீன் இல்லாத இடத்தில் இறக்கிவிட்டு, இது உன் முறை என்று சொன்னால் அதற்குப் பெயர் பாடு இல்லை.

நான் கடையில் லைவ் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்முவின் அமைதியைக் கேட்க உலகமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். திரையில் வணக்கண்ணனின் முகம் வந்தது. வாய் திறந்தது.

"உலகத் தமிழர்களே, வணக்கம்!"

தூங்கப் படுத்தவர்கள் எத்தனை பேர் கட்டிலிலிருந்து விழுந்தார்களோ தெரியாது. சிலர் ஓடிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் யாரோ ஒருவர் 'வணக்கம்' என்று பதில் போட்டார். அடுத்து இன்னொருவர். பிறகு வரிசையாக, சில பேர் ஆங்கில எழுத்தில், சில பேர் வெறும் கைகூப்புப் படத்தோடு. அத்தனை வருஷத்தில் அவர் சொன்ன வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வந்தது அன்றுதான். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் போட, இவர் சொல்ல, அது முடிகிற காரியமாகத் தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் தண்ணீர் வேகமாக வற்ற ஆரம்பித்தது. வலை கட்ட நட்டிருந்த கம்பு ஒன்று சாய்ந்து, இறால் கனத்தில் வலை பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கம்மு இடுப்பளவு நீரில் இறங்கி ஒற்றை ஆளாகக் கயிற்றோடு மல்லுக்கட்டினார். கால் சேற்றில் வழுக்கியது. நான் கடையிலிருந்து, "திரும்பிப் பாருங்கண்ணே!" என்று கத்தினேன். சர்வீஸுக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது அந்தச் சேனலில் முதல் தடவையாகக் கம்முவின் குரல் கேட்டது.

"மாமா!"

கொடுவா துள்ளியபோது திரும்பாத மனிதர் திரும்பினார். பாதி வணக்கத்தில் போனை இறால் கூடைக்குள் எறிந்துவிட்டுக் குதித்தார். அதன்பிறகு திரையில் கொஞ்சம் வானம், நிறைய இறால் மீசை. சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இழுடா மச்சான்!"

"இழுக்கறேன்!"

"அப்பிடி இல்லடா, இப்பிடி!"

"நீ கம்முனு இழு மாமா!"

இறால் விழுந்து விழுந்து திரை இருட்டாகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. வலை தப்பியது. அடுப்பு இரண்டும் எரிந்தன. போன் மறுநாள் என்னிடம் வந்தது. ஒரு வாரம் கடைக்குள் இறால் வாடை.

போனைக் கொண்டுவந்தவர் வணக்கண்ணன்தான். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்து முடித்தார். கேட்கவே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவருது எவ்ளோ ஏறியிருக்குன்னு பாக்கட்டுமாண்ணே?"

"வேணாம் பாய். இன்னிக்கு அவன் பாடு." கிளாஸை மெதுவாக வைத்தார். "அவன் பாட்டுல நல்லா வுழட்டும். எங்கூடயே கெடக்கற பய. நாளைக்கு நான் பாத்துக்கறேன்."

உடனே மகான் ஆகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கம்முவின் நாளில் எப்போதாவது ஒரு வீடியோ மிக நன்றாகப் போனால், படகின் பின்னாலிருந்து ஒரே ஒரு இருமல் இன்றும் கேட்கும். உடனே மருந்து பாட்டில் மூடி திறக்கிற சத்தமும் கேட்கும்.

நான் கடையை மீஞ்சூருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே போன்கள் தண்ணீரில் விழுவதில்லை, ரயிலிலிருந்து விழுகின்றன. அந்தச் சேனலில் ஒரு நாள் அமைதி, ஒரு நாள் வணக்கம் என்ற முறை இன்னும் நடக்கிறது. வணக்கண்ணனின் வரிசை இப்போது உலகம் சுற்றி வருகிறது. நடுவில், "கடைத்தெருவ உட்டுட்டு மீஞ்சூருக்குப் பூட்ட செல்லு கடை பாய்க்கு வணக்கம்!" என்பதை மட்டும் அவர் ஒருநாளும் விட்டதில்லை. எல்லோரும் அந்த வணக்கத்தைத் தள்ளிவிட்டு மீனைப் பார்க்கிறார்கள். நான் வணக்கத்தைப் பார்த்துவிட்டு, மீன் வருவதற்குள் நிறுத்திவிடுகிறேன்.