ரெஜிஸ்டர் படுத்திருந்த வாசல்

மாத்தளையில் நாயிடம் கடிபடாத தபால்காரர் ஒருவரும் இருந்ததில்லை. ஆனால் கடித்த நாயின் பக்கம் நின்று நியாயம் பேசிய தபால்காரர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தபாலண்ணன்.

அவருடைய இரண்டு கெண்டைக்கால்களிலும் பல் தடங்கள் இருந்தன. யாராவது கேட்டால் போதும், சாரத்தை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். “இது அலுவிகாரை. இது பலாபத்வல, அந்த பேக்கரி வீட்டு நாயோட தாத்தா. இது டவுன்லயே, கோயிலுக்குப் பின்னால.” மாவட்டத்தில் பாதி அவர் காலில் இருந்தது. நாய்க்குக் கோபம் தபால்காரர் மேல் அல்ல, அவர் கொண்டுபோகிற சேதியின் மேல்தான் என்பது அவருடைய கட்சி. “நாய் கடிச்சா நாயத் திட்டாதீங்க தம்பி. அன்னிக்கு எந்தக் கடிதாசியக் கொண்டுபோனோம்னு யோசிச்சுப் பாருங்க” என்பார்.

நான் அவரை அறிந்த காலத்தில் அவர் ஓய்வு பெற்றிருந்தார். எண்பதுகளின் தொடக்கம். மாத்தளை டவுனில் நான் தட்டச்சு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அலுவிகாரைக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்த அவர் வீட்டின் முன்னறையில் வகுப்புக்கும் நான் தங்கவும் வாடகைக்கு இடம் கிடைத்தது. அவரும், மனைவி ரோசக்காவும், ஒரு நாயும். பிள்ளைகள் இல்லை. பகலெல்லாம் வீட்டு வாசலில் யாராவது ஒருவர் நாயோடு நின்றுகொண்டிருப்பார். எல்லா வீட்டு நாயையும் அறிந்தவர் என்பதால் நாயைப் பற்றிய எல்லாமே அவருக்குத் தெரியும் என்று ஊர் முடிவு செய்திருந்தது. அந்த முடிவை அவர் மறுத்ததே இல்லை.

பலாபத்வல பேக்கரிக்காரர் ஒருநாள் வந்தார். அவருடைய நாய் யாழ்ப்பாண ரோட்டில் போகிற பஸ்களையெல்லாம் விரட்டிக்கொண்டு ஓடுகிறது, என்றைக்கு டயரில் மாட்டப்போகிறதோ என்று அவருக்குப் பயம். தபாலண்ணன் கண்ணை மூடி யோசித்தார்.

“அதுக்கு பஸ்ஸுக்குள்ள என்னா இருக்குன்னு தெரியல. ஒரு தடவ ஏத்திக் கூட்டிட்டுப் போங்க. பாத்துருச்சுன்னா ஆச விட்டுப்போயிரும்.”

பேக்கரிக்காரர் கண்டக்டரிடம் கெஞ்சி நாயைத் தம்புள்ளைவரை கூட்டிப்போய்த் திரும்பினார். சிகிச்சை பலித்தது. நாய் அதற்குப் பிறகு எந்த பஸ்ஸையும் விரட்டவில்லை. ஏறத் தொடங்கியது. வாரத்தில் ஒருநாளாவது கண்டியிலிருந்தோ நாலந்தையிலிருந்தோ யாராவது வந்து, உங்கள் நாய் எங்கள் ஊரில் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சந்தின் கடைசி வீட்டு டீச்சரின் நாய் செருப்புகளைக் கடித்துக் குதறியது. அதற்கென்று சொந்தமாக ஒரு பழைய செருப்பைக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுடையதைத் தொடாது என்றார் தபாலண்ணன். நாய் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. செருப்பு என்று உலகத்தில் இருப்பதெல்லாம் தனக்குரியது என்று எண்ணி, வீடு வீடாகப் போய்க் கொண்டுவந்து சேர்த்தது. எங்கும் ஒற்றைச் செருப்பைத்தான் எடுக்கும். சந்தில் யாருக்காவது செருப்பு காணாமல் போனால் டீச்சர் வீட்டுக்குப் போய்க் குவியலில் தேடுவது வழக்கமாகிவிட்டது. தபாலண்ணனுக்கு வைத்தியம் பிசகியது என்ற எண்ணமே இல்லை. “இப்ப கடிக்கிறது இல்லைல்ல?” என்று கேட்டார்.

ஊர் நாய்களுக்கெல்லாம் புத்தி சொன்ன மனிதரின் சொந்த நாய்க்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். அவர் எந்த வீட்டுக்குள் போனாலும் அந்த வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடித்தாலும் போகாது, பிஸ்கட் போட்டாலும் போகாது. அவர் வெளியே வந்து முகத்தைக் காட்டினால்தான் எழும். அதனால்தான் அதற்கு ரெஜிஸ்டர் என்று பெயர் வைத்தார். “ரெஜிஸ்டர் தபால வேற யாரு கையிலயும் குடுக்க ஏலாது. உரிய ஆள நேரா பாக்கணும்” என்று விளக்கம் சொல்வார். பெயரில் பெருமை இருந்தாலும் அந்தப் பழக்கத்தால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கள்ளுக் குடிக்கத் தவறணைக்குப் போனால் வாசலில் நாய் படுத்திருக்கும். ரோசக்கா சந்தின் முனைக்கு வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். ஒருநாள் பின்வழியாக நுழைந்து பார்த்தார். நாயும் பின்வழியிலேயே போய்ப் படுத்தது. “இப்ப எந்தக் கதவால போனீங்கன்னும் தெரிஞ்சுபோச்சு” என்றார் ரோசக்கா. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால், பெட்டிக்கு அருகில் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிடும். உள்ளே இருந்து பாதர் ஒருமுறை, “தபால்காரரே, ஆரம்பியுங்க” என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அவர் பாதிப் பாவங்களைச் சொல்லாமலே திரும்பினார்.

பழக்கத்தை நிறுத்த அவர் செய்யாத வைத்தியம் இல்லை. நாயை நாற்காலியில் உட்காரவைத்து முகத்துக்கு நேரே பேசிப் பார்த்தார். கயிற்றில் கட்டினார், கடித்து அறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் வீட்டிலிருந்து முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வெளியேறத் தொடங்கினார். அப்படிப் போனால் தான் உள்ளே வருவதாக நாய் நினைத்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு. சந்து முழுக்கப் பின்னோக்கி நடந்து வந்து சாக்கடைக் கானுக்குள் விழுந்த அன்றோடு அதையும் விட்டுவிட்டார்.

இந்த நாயால் உண்மையாகவே கஷ்டப்பட்டவர் ஹாஜியார். சந்தின் முனையில் மிளகும் கிராம்பும் கொக்கோவும் வாங்கி விற்கிற கடை அவருடையது. தபாலண்ணன் தினமும் காலையில் பேப்பர் படிக்க அங்கேதான் போவார். பின்னாலேயே ரெஜிஸ்டர் போய்ப் படிக்கட்டில் படுக்கும். ஹாஜியார் நாயைத் தொட மாட்டார். ஈரமான மூக்கோ நாக்கோ பட்டுவிட்டால் அவருடைய மார்க்கப்படி அந்த இடத்தை ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரால். ஒருநாள் அது தராசுத் தட்டை நக்கிவிட்டது. ஹாஜியார் எழுந்தார். எங்கள் எல்லார் முன்னாலும் மண்ணை அள்ளிக் கரைத்து ஏழு முறை கழுவினார். தபாலண்ணன் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நீங்க வாங்க, பேப்பர் படிங்க, தேத்தண்ணி குடிங்க. ஒங்கட நாய் மட்டும் வாணாம்” என்றார் பிறகு.

“நான் வந்தா அதுவும் வருங்களே ஹாஜியார். என்னா செய்யச் சொல்றீங்க?”

“அப்ப நாயக் கடைக்குள்ள வெச்சிட்டு நான் ஒங்கட வீட்டுல போய் ஈக்கட்டா?”

இந்தச் சண்டை வருஷக்கணக்காக நடந்தது. தபாலண்ணன் எங்கே என்று யாராவது கேட்டால், “நாய் எங்க படுத்தீக்குதுன்னு பாருங்க” என்பார் ஹாஜியார். அது சந்தைத் தாண்டி டவுன் முழுவதும் பரவிய வேடிக்கைப் பேச்சு. தமிழிலும் சிங்களத்திலும் எல்லாரும் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஒருநாள் எங்கள் கழுத்துக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

எண்பத்து மூன்று ஜூலையில் தமிழர்களுக்கு எதிராகக் கொழும்பில் பற்றிய நெருப்பு இரண்டொரு நாளில் மாத்தளைக்கும் வந்துவிட்டது. மத்தியானம் கடைவீதிப் பக்கம் புகை தெரிந்தது. ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான்.

“அண்ணே, சட்டைய மாத்த வாணாம், சாமான் எடுக்க வாணாம். வாங்க. நீங்களும் வாங்க தம்பி.”

ரோசக்கா நாயை அடுப்படிக் குசினித் தூணில் கட்டிவிட்டு வந்தார். ஹாஜியார் எங்கள் மூவரையும் கடையின் பின்னறையில் மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்து, மூட்டைகளை இழுத்து மறைத்தார். பிறகு வழக்கம்போலக் கடைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மிளகுத் தூசியில் தும்மல் வந்தது. சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு ரோசக்கா ஜெபம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஹாஜியாரின் குரல் கேட்டது. “போ. போ அங்கால.” பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு செருப்பு எறிகிற சத்தம். எங்கள் மூவருக்கும் புரிந்துவிட்டது. பலகைச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் வழியே பார்த்தேன். கழுத்தில் அறுந்த கயிறு தொங்க, நனைந்த உடம்போடு, ரெஜிஸ்டர் படிக்கட்டில் படுத்திருந்தது. ரோட்டுப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல் கிட்ட வந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் உள்ளூர்க்காரர்கள் இருந்தால் அவர்கள் எந்த வீட்டையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

தபாலண்ணன் எழுந்தார். “நான் வெளியில போனா அது எம் பின்னால வந்துரும். கூட்டிக்கிட்டு அந்தப் பக்கமா போயிர்றேன். நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க.”

ரோசக்கா அவர் சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “போனா என்னையும் இழுத்துக்கிட்டுத்தான் போகணும்.”

அவர் அந்தக் கையை விடுவிக்கப் பார்த்தார். அவர் முகத்தில் விளையாட்டே இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். இழுபறியின் நடுவே பின்னறைக் கதவு திறந்தது. வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஹாஜியார் நின்றார். அவர் நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்து வைத்திருந்தது ரெஜிஸ்டரை. அது அவர் தாடியை நக்கிக்கொண்டிருந்தது.

“இந்தாங்க, ஒங்கட ரெஜிஸ்டர். பெறகு கையெழுத்து போடுங்க” என்று சொல்லி இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாய் தபாலண்ணனின் முகத்தைப் பார்த்தது. உரிய ஆளைப் பார்த்தாயிற்று. அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டது. கூட்டம் கடைக்கு முன்னால் நின்றபோதும் அது ஒரு சத்தம் போடவில்லை. யாரோ ஒருவன் சிங்களத்தில், தபால்காரனின் நாய் இங்கே இருக்கிறதா என்று கேட்டான். தெரிந்த குரல்தான். இன்னொருவன் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, இல்லை, அப்படியென்றால் அவன் இங்கே இல்லை என்றான். அவர்கள் போய்விட்டார்கள்.

சாயங்காலம் எல்லாம் அடங்கிய பிறகு, கடைக்குப் பின்னால் கிணற்றடியில் ஹாஜியார் மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தார். கைகள், தாடி, சட்டை, எல்லாம். தபாலண்ணன் வாளி வாளியாக இறைத்து ஊற்றினார். அவருக்கு அழுகை நிற்கவில்லை.

“என்னால ஒங்களுக்கு இப்பிடி ஆயிருச்சே ஹாஜியார்.”

“கழுவினா இது போயிரும் அண்ணே. ஊத்துங்க. இது அஞ்சாவது.”

எங்கள் வீட்டின் கதவை உடைத்திருந்தார்கள். என் தட்டச்சு மெஷின்கள் கானுக்குள் கிடந்தன. சில மாதங்களில் தபாலண்ணனும் ரோசக்காவும் இந்தியாவுக்குப் போக முடிவெடுத்தார்கள். திருச்சிப் பக்கம் ரோசக்காவின் தங்கை இருந்தார். கப்பலில் நாய்க்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மாதங்களிலும் நாய்ப் பிரச்சினையோடு ஆட்கள் வந்தார்கள். ஆள் இல்லாவிட்டால் ஊளையிடுகிறது, சோறு தின்பதில்லை, கதவைப் பிறாண்டுகிறது. தபாலண்ணன் பழைய வைத்தியம் எதையும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான். “எங்க போறீங்கன்னு அதுக்கிட்ட சொல்லிட்டுப் போங்க. சொல்லாமப் போனா அது என்னா செய்யும், தேடத்தான் செய்யும்.”

புறப்படுகிற அன்று காலையில் அவர் ஹாஜியார் கடைப் படிக்கட்டில் குந்தினார். நாயின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, போகிற ஊர், தெரு, வீட்டு இலக்கம் என்று முழு விலாசத்தையும் நிதானமாகச் சொன்னார். “வர ஏலாத தூரம்டா. இவரு வாசல்லயே இரு” என்றார். எழுந்தார். முதுகைக் காட்டி நேராக நடந்தார். நாய் எழுந்து நின்றது. பின்னால் போகவில்லை.

ஸ்டேஷன்வரை நான் கூடப் போனேன். “பாத்தீங்களா தம்பி, சொன்னா வெளங்கிக்கிது. இத்தன வருசமா நான்தான் சொல்லாம இருந்திருக்கேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நாயின் கழுத்துக் கயிற்றின் மறு நுனியை ஹாஜியார் தன் கைமுட்டியில் இறுக்கிச் சுற்றிப் பிடித்திருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் படிக்கட்டில் ஒரு சாக்கு விரிக்கப்பட்டிருந்தது. நாய்க்கா என்று கேட்டேன். “மொளகு காயப்போட” என்றார் ஹாஜியார். அந்தச் சாக்கில் ஒருநாளும் நான் மிளகைப் பார்க்கவில்லை. அதில் ரெஜிஸ்டர் படுத்திருந்தது.

இப்போது என் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறது. நாங்கள் வெளியே கிளம்பினால் அழும், கதவைப் பிறாண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான். வாசலில் குந்தி, எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறேன். என் மனைவி சிரிப்பார். நாய் அதற்குப் பிறகும் அழத்தான் செய்கிறது. ஆனாலும் சொல்லாமல் போக எனக்கு மனம் வருவதில்லை. தபாலண்ணனிடமே சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது.