கம்மாய்க்கு நான் போட்ட கோடு

நேர்கோட்டை நம்பி நாசமாய்ப் போனவன் நான். இன்றைக்குக் கம்ப்யூட்டரை வைத்து நாளைய மழை, மறுமாத விலை என்று கணித்துச் சொல்கிறவர்களைப் பார்த்தாலே நான் தூர நின்று ஒரு கும்பிடு போட்டுவிடுவேன். அந்த வேலையைப் பென்சிலும் கிராப் தாளுமாக ஐம்பதுகளின் கடைசியிலேயே செய்து, கூடப் பிறந்த அக்காவை அழவிட்டவன் நான்.

திருச்சியில் புள்ளியியல் படித்துவிட்டு, நார்த்தாமலைப் பக்கம் எங்கள் ஊரில் வந்து உட்கார்ந்திருந்தேன் (வேலை கிடைக்கவில்லை என்பதைவிட இப்படிச் சொல்வது கௌரவம்). அக்காவை அறந்தாங்கிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணப் பந்தியில் தன் சித்தப்பாவை யாரும் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போன அத்தான், அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அக்காவுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர முடியாமல் அம்மா தவியாய்த் தவித்தாள்.

அத்தானுக்கு ஒரே பலவீனம் கம்மாய் மீன்பிடி. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்த் தலைவரான எங்கள் அம்பலக்காரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் ஊத்தாவோடு, அதாவது அடியில்லாத மூங்கில் கூடையோடு, இறங்கிவிடும். அதற்குக் கூப்பிட்டால் கோபத்தை மறந்து அக்காவோடு வருவார், அப்படியே அவளை நிறுத்திக்கொள்ளலாம் என்றார் அப்பா. ஆனால் துண்டு என்றைக்கு வீசுவோம் என்பது அம்பலக்காரருக்கே முதல் நாள்தான் தெரியும்.

நான் இருக்க அப்பாவுக்கு என்ன கவலை? இருபது நாள் விடியலில் மடைக்கல்லில் தண்ணீர் மட்டத்தை அளந்து, தாளில் புள்ளி வைத்தேன். புள்ளிகளை ஒட்டி ஒரு கோடு போட்டேன். கோட்டை நீட்டினால் சித்திரை இருபதில் முழங்கால் ஆழம் வந்தது. அன்று காலையே வந்துவிடும்படி அத்தானுக்குக் கார்டு போட்டேன்.

சித்திரை பத்துக்குமேல் புள்ளிகள் கோட்டைவிட்டுக் கீழே ஓட ஆரம்பித்தன.

"தண்ணி வெரசா எறங்குதேடா. இன்னொரு கார்டு போட்டு முந்தியே வரச் சொல்லு" என்றார் அப்பா.

நான் சிரித்தேன் (அந்தச் சிரிப்புக்கு என்னை இன்றைக்கும் நாலு அறை அறையலாம்). கோட்டுக்கு ஒத்துவராதது அளவெடுத்த பிழை என்று விளக்கம் சொல்லி, அந்தப் புள்ளிகளை ரப்பரால் அழித்தேன். கம்மாய் அடியில் சட்டிபோலக் குறுகும், குறுகக் குறுகத் தண்ணீர் சீக்கிரம் தீரும். ரசம் ஊற்றுகிற எங்கள் அம்மாவுக்குத் தெரிந்த விஷயம் இது.

பத்தொன்பதாம் தேதி காலையில் மீன்கள் சேற்றில் வாயைப் பிளந்தன. அம்பலக்காரர் முன்கூட்டிச் சொல்லாமல் அன்றைக்கே துண்டை வீசிவிட்டார். மதியத்துக்குள் கம்மாய் காலி. சொல்லியனுப்ப அறந்தாங்கிப் பஸ்ஸும் போய்விட்டது.

மறுநாள் அத்தான் புது ஊத்தாவோடு வந்து இறங்கினார். பின்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அக்கா. கம்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அண்டாவில் உயிரோடு விட்டுவைத்திருந்த விராலை அம்மா காட்டினாள். அத்தான் எட்டிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்டா மீனு திங்க வரலைங்க அத்தை. ஊரோட சேந்து எறங்க வந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்புடணும்னு யாருங்க சொன்னது?"

கிராப் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் பையைக் கையால் மூடிக்கொண்டேன். அப்பா தன் தவறு என்று தலைகுனிந்தார். அடுத்த பஸ்ஸில் இருவரும் போய்விட்டார்கள். அக்கா அழுதுகொண்டே போனாள். அத்தான் வாசலில் போட்டுவிட்டுப் போன ஊத்தாவைக் கோழி கவிழ்க்க வைத்துக்கொண்டோம்.

பிரசவம் அங்கேயே நடந்தது. அத்தான் மனசு இறங்க மூன்று வருஷம் பிடித்தது. தொட்டில் கட்ட அம்மா எடுத்துவைத்த சேலை பெட்டியிலேயே கிடக்க, பேரன் தன் காலால் ஓடிவந்துதான் அவள் மடியில் ஏறினான்.

வளர்ந்தபிறகு அவன் சும்மா இருப்பானா? வீட்டில் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், "மாமா கணக்குப் போட்டாரா? அப்ப ஒரு நாள் முந்தியே போயிருவோம்" என்பான். எல்லாரும் சிரிப்போம். அம்மா இருந்தவரை அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, மீசை முளைத்த அந்தப் பயலை இழுத்து மடியில் சாய்த்துக்கொள்வாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.