ஹவில்தார் பால்துரையின் இடுப்புவார்

இனிமேல் இடுப்பில் வார் கட்டுவதில்லை என்று ஹவில்தார் பால்துரை முடிவு செய்ததற்கு, விறகு சுமந்து வந்த மூன்று பெண்கள் சிரித்ததுதான் காரணம்.

சண்டை முடிந்து அவர் பட்டாளத்திலிருந்து திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. இத்தாலி தேசத்து மலைகளில் பாறைக்குப் பாறை இரும்பு வடம் இழுத்துக் கட்டிய பட்டாளக் கம்பெனியில் இருந்தவர். அதைக் கேள்விப்பட்ட காட்டிலாகா ரேஞ்சர், ஆளை விடாமல் பிடித்து வேலை கொடுத்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புக்கும் மேலே, கூகைப்பாறை என்று ஒரு செங்குத்துப் பாறை. அதன் உச்சியில் தீக்காவல் குடிசை. கோடையில் காட்டில் எங்கே புகைந்தாலும் அங்கிருந்து தெரியும். ஆனால் குடிசைக்குப் போக ஒரே வழிதான். பாறையின் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சாண் அகலத்தில் ஒரு தடம். இந்தப் பக்கம் பாறை. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

பால்துரை அந்தத் தடத்தை ஒட்டிப் பத்தடிக்கு ஒன்றாக இரும்பு முளை அடித்து, முளைக்கு முளை கம்பிவடம் இழுத்துக் கட்டினார். போகிறவன் இடுப்பில் தோல் வார் கட்டவேண்டும். வாரிலிருந்து இரண்டு கயிறு தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. இரண்டையும் வடத்தில் மாட்டிக்கொண்டு நடக்கவேண்டும். முளை வரும்போது ஒரு கொக்கியைக் கழற்றி, முளையைத் தாண்டி மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்றதைத் தொடவேண்டும். கால் தவறினாலும் ஆள் கீழே போகமாட்டான். தொங்குவான். அவ்வளவுதான்.

தீக்காவலர்கள் சோலைராஜுக்கும் இருளப்பசாமிக்கும் இதை அவர் பாடமாகவே நடத்தினார்.

“ஒரு கொக்கி வாயைத் தொறந்தா, மத்தக் கொக்கி வாயை மூடியிருக்கணும். புரியுதாலே?”

வீட்டில் வந்து இதைப் பெருமையாகச் சொன்னபோது, அவர் மனைவி ரோசம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

“நம்ம வீட்டுலயும் அதே சட்டந்தானங்க. என்ன, இங்க மூடியிருக்க கொக்கி எப்பவும் நீங்க.”

வார்களைத் தைத்தது ரோசம்மாள்தான். அவள் தகப்பனார் ராஜபாளையத்தில் ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைப்பவர். பத்து வயதிலேயே தோலில் குத்தூசி ஓட்டப் பழகியவள். மிரண்ட குதிரை இழுத்தாலும் பிரியாத தையல் எது, பிரிகிற தையல் எது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவாள். புருஷனுக்கு வார் தைக்கும்போது மட்டும் நூலுக்கு இரண்டு தடவை மெழுகு போட்டாள்.

முதல் நாள் பால்துரை வாரும் கயிறுமாக அடிவாரத்தில் நடந்தபோதுதான் அந்த மூன்று பெண்களும் எதிரே வந்தார்கள். முன்னால் வந்தவள் வெள்ளத்தாய். நாக்கு அவளுக்கு அரிவாளைவிடக் கூர்மை.

“ஏ யக்கா, இங்க பாரு! தும்புக் கயிறோட காளை ஒண்ணு தானா மலை ஏறுது!”

“யாருடி கட்டிவிட்டது?”

“பொண்டாட்டியாத்தான் இருக்கும். அவுத்துக்கிட்டு ஓடிறக் கூடாதுல்ல!”

மூன்று பேரும் சிரித்தார்கள். எதிரே இருந்த பாறையும் அதைத் திருப்பிச் சிரித்துக் காட்டியது.

அன்றே தீர்மானமாகிவிட்டது. தினமும் வீட்டிலிருந்து வாரோடு கிளம்புவார். அடிவாரத்து இலுப்பை மரத்தில் அதை மாட்டிவிட்டு, வெறும் இடுப்போடு பாறையில் நடப்பார். மாலையில் எடுத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். சோலைராஜ் ஒருநாள் கேட்டேவிட்டான்.

“அண்ணாச்சி, எங்களைக் கட்டச் சொல்லிட்டு நீங்க கட்டாம வாரீகளே?”

“அது பழகாத ஆளுக்குலே. நான் வடத்தைக் கட்டுனவன். வடத்துக்கு என்னையத் தெரியும்.”

பதினோரு நாள் இப்படி ஓடியது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ரோசம்மாள் வாருக்கு எண்ணெய் போட உட்கார்ந்தாள்.

“ஏங்க, இன்னைக்கும் வார் கட்டித்தான ஏறுனீங்க?”

“கட்டாம? சட்டம் போட்டவனே கட்டாட்டி எப்படி?”

“நாள் பூராவும் இடுப்புலதான் இருந்திச்சோ?”

“நாள் பூராவும்.”

“அப்போ இந்தக் கட்டெறும்பு எப்பங்க முட்டை வச்சிச்சு?”

பால்துரை எட்டிப் பார்த்தார். வாரின் மடிப்புக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டை. சுற்றிலும் எறும்புக் குடும்பம் மூட்டை முடிச்சோடு பதறிக்கொண்டிருந்தது.

“அது… சாப்பிடுறப்போ செத்த நேரம் கழட்டி வச்சேன்.”

“செத்த நேரத்துல கல்யாணம் முடிச்சு, குடித்தனம் வச்சு, புள்ளையும் பெத்திருச்சா? நல்ல சுறுசுறுப்புதான்.”

பிடிபட்ட மனிதனுக்குக் குரல் உயர்ந்துவிடும். பால்துரைக்கும் உயர்ந்தது.

“ஆமாட்டி, கட்டலை! இத்தாலி வாரையே பார்த்தவன் நான். எனக்கு எதுக்குட்டி இந்த வார்?”

சண்டையை ‘வார்’ என்றுதான் பட்டாளத்து ஆட்கள் சொல்வார்கள். ரோசம்மாளுக்கு அது தெரியும்.

“அந்த வாருல சர்க்கார் உங்களைப் பார்த்துக்கிட்டாங்க. இந்த வாருல நான்தான பார்த்துக்கிடணும்?”

“கட்டமாட்டேன். அம்புட்டுத்தான்!”

“சரி” என்றாள் ரோசம்மாள்.

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. எறும்பை உதறிவிட்டு வாருக்கு எண்ணெய் போட்டாள். பால்துரைக்கு வெடிக்கிற குண்டு பழக்கம். வெடிக்காமல் கிடக்கிற குண்டைக் கண்டால்தான் பயம். கஞ்சி குடித்து முடிப்பதற்குள் தானாகவே இறங்கி வந்தார்.

“ஒனக்காக வீட்டுலருந்து கட்டிக்கிட்டுப் போறேன். அங்க போய்த் தேவையான்னு பார்த்துக்கிடுதேன்.”

“நல்லதுங்க.”

நாலு வருஷம் அவர் கடல் தாண்டி இருந்தபோது, தபால்காரர் தெருவில் திரும்பினாலே அவள் வாசலுக்கு ஓடுவாள். கடிதம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். அவ்வளவு தூரத்திலிருந்து முழுசாகத் திரும்பி வந்த மனிதனை, சைக்கிள் மிதித்தால் போய்விடுகிற தூரத்தில் இருக்கும் ஒரு பாறைக்குத் தூக்கிக் கொடுக்க அவள் தயாராக இல்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கண் கலங்குவார், தலையை ஆட்டுவார், மறுநாள் வாரை மரத்தில் மாட்டுவார். ஆகையால் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் துவைத்து மடித்த காக்கி டிரவுசரை அவளே எடுத்து நீட்டினாள். அவர் அதைப் போட்டு முடிப்பதற்குள் வாரையும் அவளே இறுக்கிக் கட்டிவிட்டாள். பால்துரை சீட்டியடித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

இலுப்பை மரத்தடியில் வாரை அவிழ்த்தார். வாரோடு சேர்ந்து டிரவுசரும் கிளம்பியது.

முழங்காலுக்கு வரும்போது எட்டிப் பிடித்துவிட்டார். பார்த்தால், டிரவுசரின் இடுப்பு நாலு விரல் பெரிதாகியிருந்தது. பித்தான்கள் இருந்த இடத்தில் நூல் துணுக்குகள் மட்டும். இத்தாலியில் எதிரி முன்னால்கூட இரண்டு கையையும் தூக்காதவர், இப்போது ஒரு கையையும் தூக்க வழியில்லாமல் நின்றார். பாறைத் தடத்திலோ இரண்டு கையும் வேண்டும்.

ஒரு காட்டுக்கொடியைப் பிடுங்கி இடுப்பில் கட்டிப் பார்த்தார். மூச்சு விட்டதும் அறுந்தது. இன்னொன்றைக் கட்டினார். அது அரித்தது. அதற்குள் கீழே ஒற்றையடிப் பாதையில் வெள்ளத்தாயின் குரல் கேட்டது. பால்துரை வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் கட்டியதில்லை. வாரை இறுக்கிக்கொண்டு மேலே விரைந்தார்.

‘வார்தானே கட்டச் சொன்னாள், கட்டியாகிவிட்டது. கொக்கியை மாட்டப்போவதில்லை’ என்று மனசுக்குள் ஒரு வெற்றி. இரண்டு கொக்கிகளையும் டிரவுசர் பைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று கையை விட்டார். கை போகவில்லை. இரண்டு பையின் வாயும் தைத்திருந்தது. சேணத் தையல், மெழுகு போட்ட நூல்.

“அடிப் பாவி மகளே” என்றார், பாறையைப் பார்த்து.

தடத்தில் கால் வைத்தார். பை இல்லாமல் தொங்கிய கொக்கிகள் இரண்டும் நடைக்கு நடை முழங்கால் சில்லில் வந்து இடித்தன. டங். நாலு எட்டு வைத்தார். டங், டங். எட்டு எட்டு வைத்தார். வலி உச்சந்தலைக்கு ஏறியது. கடைசியில் முழங்காலைக் காப்பாற்றுவதற்காகத்தான் அந்தக் கொக்கிகளை எடுத்து வடத்தில் மாட்டினார். உயிரைக் காப்பாற்ற அல்ல. அதில் அவர் உறுதியாக இருந்தார்.

முந்தின நாள் மலையில் கோடை மழை பெய்திருந்தது. ஒன்பதாவது முளைக்குப் பக்கத்தில் பாறையில் படிந்திருந்த மெல்லிய பாசி அதில் ஊறி வழவழத்தது. முதல் கொக்கியைக் கழற்றி முளைக்கு அப்பால் மாட்டினார். இரண்டாவதைக் கழற்ற உடம்பைத் திருப்பினார். இடது கால் போயிற்று. வலது கால் அதைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போயிற்று.

வார் இடுப்பைக் கவ்வியது. வடம் ஒரு முறை முனகிவிட்டு நின்றது.

பால்துரை தொங்கினார். காற்று மெதுவாக வீசியது. கீழே, வெகு கீழே, மரங்களின் தலைகள் தெரிந்தன. ஒரு பருந்து அவருக்குக் கீழே வட்டமிட்டது. பருந்தின் முதுகை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போது அவருக்கு இத்தாலி ஞாபகம் வரவில்லை, வெள்ளத்தாய் ஞாபகம் வரவில்லை. ‘இன்றைக்குச் சாயங்காலம் நான் வராவிட்டால் அவள் எவ்வளவு நேரம் வாசலில் நிற்பாள்?’ என்றுதான் நினைத்தார். அடுத்த நினைப்பும் உடனே வந்தது: ‘இதை அவளிடம் சொல்லவே கூடாது.’

கயிற்றைப் பிடித்து, வடத்தைப் பிடித்து, வயிற்றைத் தேய்த்து மேலே ஏறினார். மீதி முளைகளை எல்லாம் பாடப்படி ஒவ்வொரு கொக்கியாக மாற்றிக் கடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாரைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டிக்கு மாறி, சாதாரணமாக உட்கார்ந்தார். ரோசம்மாள் வாரை எடுத்தாள். தையல் மேல் கட்டைவிரல் ஓடியது. ஓரிடத்தில் நின்றது.

“இதுல பாரம் விழுந்திருக்கு.”

“சும்மா சோதிச்சுப் பார்த்தேன்.”

“எம்புட்டுப் பாரம்?”

“ஒரு ஆள் பாரம்.”

“எந்த ஆளு?”

பால்துரை மோட்டு வளையைப் பார்த்தார். ரோசம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை வெகுநேரம் ஊதினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. புகைதான் என்றாள். கையில் காய்ச்சிய நல்லெண்ணெய்.

“எந்தப் பக்கம்?”

“எடது விலா” என்றார் பால்துரை.

எண்ணெய் தேய்த்துவிடும்போது அவள் பித்தானைப் பற்றிப் பேசவில்லை, பையைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் அவருக்குத் தாங்கவில்லை. புருஷன் என்ற மரியாதையை எப்படியாவது மீட்டாகவேண்டும். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

“ரோசம், ரேஞ்சருக்கு ஒரு மனு எழுதப் போறேன். வாரைச் சோதிச்சுப் பார்க்காம ஒருத்தனும் பாறையில கால் வைக்கக் கூடாது. தெனமும் காலையில அதுக்குன்னு ஒரு ஆபீசர் பார்த்து ‘போகலாம்’னு சொல்லணும். அந்த ஆபீசர் நான்.”

“நல்ல யோசனைங்க. ஆனா நீங்களே உங்க பேரை எழுதுனா நல்லாவா இருக்கும்?”

“பின்னே?”

“அடக்கமா எழுதுங்க. ‘வார் வேலை நன்றாகத் தெரிந்த ஒருவரை நியமிக்கவும்’னு எழுதுனா போதும். யாருன்னு அவுகளுக்கே தெரியாதா?”

அடக்கம் என்றதும் பால்துரைக்குப் பிடித்துப்போயிற்று. ‘அன்னார் வார்த்தைக்கு மறுவார்த்தை இருத்தலாகாது’ என்று தம் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தார்.

அடுத்த வாரம் ரேஞ்சர் நேரிலேயே மலைக்கு வந்தார். ஒன்பதாவது முளையைப் பார்த்தார், பாசியைப் பார்த்தார். சோலைராஜின் வாரை இழுத்துப் பார்த்தார், பால்துரையின் வாரில் புதிதாகப் போட்ட தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதெல்லாம் யார் வேலை?”

“நம்ம சம்சாரம் சார்” என்றார் பால்துரை பெருமையாக. அந்தப் பெருமையை அன்றைக்கு அவர் அடக்கியிருக்கலாம்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. மனுவில் கேட்டபடியே எல்லாவற்றுக்கும் அனுமதி. தினமும் காலை ஏழு மணிக்கு வார் சோதனை. சோதிப்பவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. சோதனை அதிகாரி: திருமதி ரோசம்மாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் சோலைராஜும் இருளப்பசாமியும் வார் கட்டி வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலையில் பால்துரை. ரோசம்மாள் கையில் குத்தூசியோடு வெளியே வந்தாள்.

“மொத ஆளு, முன்னால வாங்க. ரெண்டு கையையும் தூக்குங்க.”

தூக்கினார்.

“திரும்புங்க.”

திரும்பினார். சோலைராஜ் கொல்லைப்பக்கத்து முருங்கை மரத்தைக் கவனமாகப் பார்த்தான். ரோசம்மாள் வாரை ஒரு துளை இறுக்கி, கொக்கிகளைத் தட்டிப் பார்த்து, “ம், போகலாம்” என்றாள்.

ஹவில்தார் பால்துரை தம்மையறியாமல் குதிகால்களைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்துவிட்டார்.